ஆளில்லாத வரிசை

ஒக்லாந்தில், பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் உள்ள மருந்துக்கடையில், காதுக் கருவிக்குப் பற்றரி வாங்க நின்றுகொண்டிருந்தேன். கவுன்டரில் நின்ற பெண் ஒரு சிறிய அட்டையைத் தூக்கிக் காட்டி, இதுதானா என்று கேட்டாள்.

"அய்" என்றேன்.

ஐந்து என்று சொல்லும்போது முதலில் வருகிறதே, அந்த ஒலிதான். ஸ்கொட்லாந்தில் ஆம் என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தானாகிய என் வாயில் வரவேண்டியது ஓம். ஆங்கிலம் படித்த வாயில் வரவேண்டியது யெஸ். அன்று இரண்டும் வரவில்லை. நான் அப்படிச் சொன்னதையே நான் கவனிக்கவில்லை.

கவனித்தது எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி.

"அந்தச் சொல்லை எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது ஸ்கொட்லாந்துச் சுரங்க ஊர்ப் பேச்சில். அதை இங்கே என் ஊர்த் தமிழில்தான் எழுதப்போகிறேன். புத்தகத் தமிழில் எழுதினால் இந்த அத்தியாயமே பொய்யாகிவிடும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய பெண். ஒட்ட வெட்டிய நரைமுடி. காலில் செம்மண் காய்ந்த ரப்பர் பூட்ஸ். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள்.

"மிஸ்டர் நாதன். டன்ரிக் பள்ளிக்கூடம்" என்றாள்.

நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் மொய்ரா."

சொல்லத் தேவையே இல்லை. பேசி முடித்த பிறகும் அவள் வாய் சற்றுத் திறந்தபடியே இருந்தது. திறந்த அந்த வாயை நான் எத்தனையோ வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நகரத்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் மரக்கறி பொதிசெய்கிற இடத்தில் மேற்பார்வை வேலை என்றாள். இங்கே மண்டபம் ஒன்றை வாடகைக்குப் பேச வந்தாளாம்.

"சனிக்கிழமை டன்ரிக் ஆக்கள் கொஞ்சப் பேர் கூடுறம், சேர். நீங்களும் வாங்கோ. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

"இப்பவே கேக்கலாமே."

"இஞ்சை வேண்டாம். எல்லாரும் இருக்கேக்கை கேக்கிறன்."

நான் பற்றரியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரிசைகளின் ஊர்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்தேன். பிறகு ஸ்கொட்லாந்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். என் மனைவி புனிதம் அங்கே தாதியாக வேலை பார்த்தாள். மகளுக்கு ஒக்லாந்தில் வேலை கிடைத்தபோது அவளோடு நாங்களும் வந்தோம். புனிதம் இப்போது இல்லை.

டன்ரிக் நிலக்கரிக்காகவே எழுந்த ஊர். கொம்பனி முதலில் சுரங்கத்தை வெட்டியது. பிறகு வேலையாட்கள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று செங்கல் வீடுகளைச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியது. அவற்றை யாரும் தெரு என்று சொல்வதில்லை. வரிசை என்பார்கள். சர்ச் வரிசை, கடை வரிசை, நெட்டை வரிசை, விதவைகள் வரிசை, பள்ளத்து வரிசை. புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்குமுன் "எந்த வரிசை?" என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கு நெட்டை வரிசையின் கடைசி வீடு கிடைத்தது.

விதவைகள் வரிசைக்கு அந்தப் பெயர் வந்த கதையைத் தேநீருக்குச் சீனி போட்டுக் கலக்கியபடியே சொன்னார்கள். முன்னொரு காலத்தில் சுரங்கத்துக்குள் வாயு வெடித்தது. பெரிய வீடுகள் உயிரோடு இருந்த வேலையாட்களுக்குத் தேவைப்பட்டன. அதனால் கணவனைப் பறிகொடுத்த பெண்களைச் சிறிய வீடுகளுக்கு மாற்றினார்கள். சொன்னவரின் குரலில் கோபம் இருக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஊருக்குப் பின்னால் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி ஒரு கரிய குன்று எழுந்திருந்தது. பனி விழுந்தால் அது உண்மையான மலைபோல வெள்ளையாகிவிடும். பிள்ளைகள் தகரத் தட்டுகளில் அமர்ந்து சறுக்குவார்கள். சுரங்கத்தொழிலாளர்கள் தாங்களே கூடிக் கட்டிய மன்றம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பந்தாட்ட மேசை, மறுபக்கம் வாசிகசாலை. வீட்டுக்கு வீடு புறாக்கூடு.

எங்கள் மகள் பிறந்த சமயம், மாலையில் வாசற்படியில் ஒரு பானை சூப் இருக்கும். நாளுக்கொரு பானை. யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

பள்ளத்து வரிசையை நான் ஆட்களோடு பார்த்ததில்லை. நான் போகுமுன்பே அது காலியாகிவிட்டது. அதன் அடியிலிருந்த நிலக்கரியை எடுத்து எடுத்து நிலம் இறங்கிவிட்டதாம். சுவர்கள் வெடித்தன. கதவுகள் சட்டத்தில் பொருந்தவில்லை. கொம்பனி எல்லோரையும் கிளப்பி மற்ற வரிசைகளில் போட்டது. நான் பார்த்தபோது அங்கே முட்செடியும் யாரோ நட்டுவிட்டுப்போன ரூபாப் கீரையும்தான் இருந்தன.

அங்கே பிறந்தவர்களில் உயிரோடு இருந்தவர் மொய்ராவின் தாத்தா வுல்லி ஒருவர்தான். நுரையீரலில் நிலக்கரித் தூசி. மூச்சு விடும்போது விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். "கதவு பூட்டாது. அதாலை பூட்டுறதையே விட்டிட்டம். களவெடுக்க என்ன இருந்தது?" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு இருமலாகிவிடும்.

கூப்பிடும் வழக்கம்

கோடையில் ஒரு சனிக்கிழமை ஊர்த் திருவிழா நடக்கும். நிலக்கரி லொறி ஒன்றைக் கழுவித் துடைத்து, வண்ணக் கடதாசி சுற்றி மேடையாக்குவார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குக் கிரீடம் வைத்து அதில் ஏற்றுவார்கள்.

அவளுடைய வேலை வரிசைகளைக் கூப்பிடுவது. "சர்ச் வரிசை, நிக்கிறியளோ?" என்று அவள் கேட்பாள். அந்த வரிசை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து "அய்" என்பார்கள். பிறகு "கடை வரிசை, நிக்கிறியளோ?" இப்படியே போகும். கடைசியாகப் பள்ளத்து வரிசையைக் கூப்பிடுவாள். அங்கே ஆள் இல்லை. அதனால் அதற்கு முழு ஊரும் சேர்ந்து "அய்" என்று சொல்லும்.

இவ்வளவுதான் வழக்கம். இதைத்தான் நான் கெடுத்தேன்.

கேளாத காது

அந்தக் காலத்தில் ஸ்கொட்லாந்துப் பள்ளிகளில் ஆசிரியரின் மேசை இழுப்பறையில் பிள்ளைகளை அடிக்கத் தோல்வார் ஒன்று இருக்கும். நான் அதை எடுத்ததில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. என்னிடம் வேறு ஆயுதம் இருந்தது. ஒரு பிள்ளை "அய்" என்று பதில் சொன்னால் எனக்குக் காது கேட்காது. கையைக் காதருகே குவித்து, தலையைச் சாய்த்து நிற்பேன். பிள்ளை சிவந்துபோய் "யெஸ், சேர்" என்று சொல்லும்வரை நிற்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இன்று எனக்கு உண்மையாகவே காது கேட்பதில்லை.

சுரங்கம் எந்த நேரமும் மூடப்படலாம் என்று அப்போதே பேச்சு இருந்தது. இந்தப் பிள்ளைகள் வெளியே போய்ப் பிழைக்கவேண்டும், இந்தப் பேச்சோடு போனால் எந்தக் கதவும் திறக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைக் கறுத்த நான் திருத்துகிறேன் என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

புனிதம் கண்டுபிடித்துவிட்டாள். "இஞ்சேருங்கோ, அவையள் தங்கடை பாசையிலை கதைச்சிட்டுப் போகட்டும். உங்களுக்கென்ன வந்தது?" என்றாள்.

எனக்கு என்ன வந்தது என்பதைச் சொல்ல, இன்னும் பின்னால் போகவேண்டும்.

அர்ச்சனைத் தட்டு

சென்னை விடுதியில் நான் சேர்ந்த புதிதில், அறைத்தோழன் ஒருவன் "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். அவன் அறைக்கு வெளியே போய் நாலைந்து பேரைக் கூட்டிவந்தான்.

"இப்ப கேளுங்கடா. சாப்பிட்டியாய்யா?"

"ஓம்."

"பாத்தியா. சாமி மந்திரம் ஆரம்பிச்சாச்சு. ஓடிப்போய் அர்ச்சனைத் தட்டு எடுத்தாடா."

நல்ல பையன்கள்தான். எனக்குச் சாமி என்று பெயர் வைத்தார்கள். பரீட்சைக்கு முன்னால் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். நானும் சிரித்தேன். சில மாதங்களில் ஆமா என்று சொல்லப் பழகிவிட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது "ஆமா" என்றேன். தங்கச்சி, "இவர் ஆர், புதுசா வந்திருக்கிறார்?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தேன்.

இதை என் குற்றத்துக்குச் சாட்டாக, தப்பிக்கும் சாக்காகச் சொல்லவில்லை. பட்டவன் அதையே பிள்ளைகளுக்குச் செய்தான் என்பது குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

லொறியின் பக்கத்தில்

மொய்ரா கிரீடம் வைத்த வருடம், அவளைப் பழக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் வழக்கத்தையே திருத்தி எழுதினேன். "நிக்கிறியளோ" போனது. "கடை வரிசையின் குடியிருப்பாளர்கள் சமூகமளித்திருக்கிறீர்களா" என்பதுபோன்ற ஓர் ஆங்கிலம் வந்தது. அவள் பழையபடி சொல்லத் தொடங்குவாள். நான் நிறுத்துவேன். மறுபடி சொல்லச் சொல்வேன்.

ஒத்திகையில் பள்ளத்து வரிசைக்கு வந்தோம்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, சேர்."

"பிறகேன் கூப்பிடுறாய்?"

"ஒருத்தரும் இல்லாதபடியாலைதான், சேர்."

வகுப்பு சிரித்தது. எனக்கு வாய்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மணி அடிக்கும்வரை கரும்பலகையைப் பார்த்து நிற்கவைத்தேன். பள்ளத்து வரிசையை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சுரங்க நிர்வாகத்துக்கு நன்றி சொல்லும் வசனம் ஒன்றை வைத்தேன்.

திருவிழா அன்று நல்ல காற்று. லொறியில் சுற்றிய கடதாசி படபடத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் வுல்லியை ஒரு கதிரையில் போர்வை சுற்றி உட்காரவைத்திருந்தார்கள். நான் லொறிச் சக்கரத்தின் பக்கத்தில் நின்றேன். அவள் மறந்தால் எடுத்துக்கொடுக்க.

புது ஆங்கிலத்தைக் கேட்டுச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. சிலர் சிரித்தார்கள். பதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. விதவைகள் வரிசை முடிந்தது. அடுத்தது தன் வரிசை என்று வுல்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மொய்ரா அதைப் பார்த்தாள்.

அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. நான் சக்கரத்தின் பக்கத்தில் நின்று, நன்றி வசனத்தை உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். கடதாசியின் படபடப்பு மட்டும் கேட்டது. பொறுக்கமுடியாமல் வாத்தியக்காரர் மேளத்தைத் தொடங்கிவிட்டார்.

வுல்லி தொப்பியை எடுத்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்தார். அடுத்த கோடைக்குள் சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு திருவிழா இல்லை. அடக்கத்துக்குப் போய்ப் பின்னால் நின்றேன். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண் வந்து எனக்கும் தேநீர் தந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை

 ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மொய்ரா எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்போகிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. பதிலை யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பதிலும் சாட்டாகவே முடிந்தது.

மருமகன் கார்த்திக்தான் கூட்டிப்போனார். மதுரைக்காரர், எல்லர்ஸ்லியில் கணினி வேலை.

"பழைய ஸ்டூடண்ட் கூப்பிட்டா சால்வை போடத்தான் மாமா. நீங்க என்னமோ கோர்ட்டுக்குப் போற மாதிரி வர்றீங்க."

"தம்பி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. திரும்புவமோ?"

"நெஞ்சு வலியா, பயமா?"

"பயம்."

"அப்ப போலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார்.

மண்டபத்தில் தேநீர் மணமும் சூடான மாவுப் பலகாரத்தின் மணமும். வயதானவர்கள் கொஞ்சம், நியூசிலாந்துப் பேச்சில் பேசும் அவர்களுடைய பிள்ளைகள் கொஞ்சம். சுவரோரக் கதிரையில், வாசலுக்குக் கிட்ட, அமர்ந்தேன். மொய்ரா நேராக என்னிடம் வந்தாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"இவர் மிஸ்டர் நாதன். எனக்குக் கடைசி வகுப்பு படிப்பிச்சவர்" என்றாள்.

நான் எழுந்தேன். "மொய்ரா, முதல்லை நான் ஒண்டு சொல்லவேணும்."

"பிறகு சொல்லுங்கோ. என்ரை கேள்வி முதல்" என்றாள். "வரிசையளைக் கூப்பிடுற ஒழுங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. புதுப் பற்றரி போட்டிருந்த காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நாங்கள் சண்டை பிடிக்கிறம், சேர். கடை வரிசை முதல் எண்டு ஒராள். சர்ச் வரிசை எண்டு இன்னொராள். தெரிஞ்ச கிழடுகள் எல்லாம் செத்துப்போச்சினம். எனக்கு அண்டைக்குப் பிறகு ஒண்டும் ஞாபகத்திலை நிக்கேல்லை. நீங்கள் திருத்திறதுக்கெண்டு என்னை எத்தனை தரம் பழசைச் சொல்ல வைச்சனீங்கள்? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது."

தெரிந்திருந்தது. ஒழுங்கு மட்டுமல்ல, எந்த எழுத்தை இழுக்கவேண்டும், எங்கே மூச்சு விடவேண்டும் என்பதுவரை தெரிந்திருந்தது. அழிப்பதற்காகக் கேட்டதெல்லாம் என்னிடமே தங்கியிருந்தது.

"அப்ப நிண்ட மாதிரி பக்கத்திலை நில்லுங்கோ. நான் கூப்பிடுறன். நீங்கள் எடுத்துத் தாங்கோ."

நின்றேன். "சர்ச் வரிசை" என்று மெல்லச் சொன்னேன். அவள் கூப்பிட்டாள். "அய்" என்று வந்தது. கடை வரிசைக்கும் வந்தது. நெட்டை வரிசைக்கு இரண்டு மூன்று குரல்கள் சொன்ன பிறகும் அவள் அடுத்ததைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் நெட்டை வரிசைதானே, சேர்."

"யெஸ்" என்றேன்.

அவள் கையைக் காதருகே குவித்துக்கொண்டாள். தலையைச் சாய்த்தாள். கேட்கவில்லை என்பதுபோல நின்றாள். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். என் காது மடல் சுட்டது.

"அய்" என்றேன்.

"ஆ, இப்ப கேக்குது."

விதவைகள் வரிசைக்கு ஒரேயொரு கிழவியின் குரல் வந்தது. பிறகு மொய்ரா கையைக் கீழே விட்டாள்.

"கடைசியை நீங்கள் கூப்பிடுங்கோ. நீங்கள்தானே அதை வெட்டி எடுத்தனீங்கள்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்னால் இருந்த ஒருவர் தொப்பி போட்டிருந்தார். அவர் அதைக் கழற்றினார். வேறு எதற்காகவாவது கழற்றியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சொல் தெரியும்.  எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.

பக்கத்தில் மொய்ராவின் உதடுகள் அசைவது தெரிந்தது. சத்தமில்லாமல், மெதுவாக, பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல.

"பள்ளத்து வரிசை" என்றேன். "நிக்கிறியளோ?"

மண்டபம் முழுவதும் பதில் சொன்னது. இங்கே பிறந்த பிள்ளைகளும் சொன்னார்கள்.

அதன் பிறகு

வாசலில் வைத்து, நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான் செய்தது பிழை, உன் தாத்தா தொப்பியை மறுபடி போட்டதை நான் பார்த்தேன், என்னை மன்னித்துவிடு என்றேன்.

"அய்" என்றாள் மொய்ரா.

அந்தச் சொல்லுக்கு ஆம் என்பது மட்டும் பொருள் அல்ல. தெரியும், இருக்கட்டும், கேட்டுவிட்டேன், போய்வாருங்கள் என்று எல்லாவற்றுக்கும் டன்ரிக்கில் அதையே சொல்வார்கள். அவள் எதைச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கத் துணிவும் வரவில்லை.

"வாற வருசமும் வாங்கோ, சேர். அதுக்கிடையிலை செத்துப்போகாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

 வண்டி சிவப்பு விளக்கில் நின்றபோது கார்த்திக் கேட்டார்.

"மாமா, கடைசியா நீங்க கூப்பிட்டீங்களே, அந்த வரிசையில யார் இருந்தாங்க?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடுறது?"

நான் ஒருகாலத்தில் கேட்ட அதே கேள்வி. எனக்குக் கிடைத்த பதிலையே சொன்னேன்.

"ஒருத்தரும் இல்லாதபடியாலைதான்."

கார்த்திக் சிரிக்கவில்லை. விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹோர்ன் அடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.